கிறிஸ்துமஸ் விளக்குகள் சூடு தணிந்த கதை

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். விருந்து முடிந்த அந்த வார இறுதியிலேயே புறநகர்த் தெருக்களில் ஏணிகள் வெளியே வந்துவிடும். பரணிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கும். போன ஜனவரியில் அவசரமாகச் சுருட்டி வைத்த சீரியல் செட்டுகள் சிக்குப் பிடித்துக் கிடக்கும். ஒருவர் சிக்கெடுக்க, இன்னொருவர் பிளக்கைச் சொருகிப் பார்ப்பார். சரத்தில் பாதி எரியும், பாதி எரியாது. எந்த பல்பு கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேறொன்றைச் செருகிப் பார்ப்பதிலேயே பகல் பொழுது போய்விடும்.

இருபது ஆண்டுகளாக இந்தக் காட்சி மெல்ல மாறி வருகிறது. கூரை விளிம்பிலும் வேலியிலும் கிறிஸ்துமஸ் மரத்திலும் எரிந்த இழை பல்புகளின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் மிச்சமாகிறது, அதனால் மாறுகிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். சில வீடுகளில் மிச்சம் கணிசமானது. சில வீடுகளில் போட்ட காசை எடுக்கவே பத்தாண்டு ஆகும். எல்.இ.டி. வெளிச்சம் கண்ணுக்கு உறுத்துகிறது என்று சொல்லிப் பல குடும்பங்கள் வெகுகாலம் மாற மறுத்தன. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்: சூடு.

மின்சாரம் வருவதற்கு முன்பு அந்தச் சூடு நிஜ நெருப்பாகவே இருந்தது. ஜெர்மானியக் குடும்பங்கள் கொண்டுவந்த வழக்கப்படி மரத்தின் கிளைகளில் மெழுகுவத்திகளைப் பொருத்தி ஏற்றுவார்கள். வெட்டிக் கொண்டுவந்து சில நாளான ஊசியிலை மரம் காய்ந்து, பிசினோடு இருக்கும். ஒரு பொறி போதும். அதனால் ஏற்றியதும் குடும்பமே சுற்றி நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிடும். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் தயாராக இருக்கும்.

1882 டிசம்பர் 22 அன்று நியூயார்க் நகரத்தில் எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் மின்விளக்குகளை ஏற்றினார். தாமஸ் எடிசனின் மின்விளக்கு நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தவர் அவர். வாதுமைக்கொட்டை அளவில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகள்; மரமே ஒரு மேடைமீது மெல்லச் சுழன்றது. டெட்ராய்ட் நாளிதழ் ஒன்றின் நிருபர் வில்லியம் கிராஃபட் அதை நேரில் பார்த்து வியந்து எழுதினார். 1890-களில் குரோவர் கிளீவ்லாண்ட் ஜனாதிபதியாக இருந்தபோது வெள்ளை மாளிகை மரத்திலும் மின்விளக்கு ஏறியது. அதுவரைக்கும் இது பணக்காரர் விஷயம். ஒவ்வொரு பல்பையும் மின் பணியாளர் ஒருவர் வந்து கம்பியில் இணைத்துத் தர வேண்டியிருந்தது. 1903-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் முன்கூட்டியே கோத்த சரங்களை விற்கத் தொடங்கியபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1923 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் ஒரு பொத்தானை அழுத்த, வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த 48 அடி உயர மரத்தில் 2,500 பல்புகள் எரிந்தன. தேசிய கிறிஸ்துமஸ் மரம் என்ற சடங்கு அன்று தொடங்கியதுதான்.

மெழுகுவத்தி போனது, சூடு போகவில்லை. இழை பல்பின் உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கம்பி 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்தால்தான் ஒளிரும். உள்ளே போகும் மின்சாரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி வெப்பம். போகிற போக்கில் கொஞ்சம் வெளிச்சமும் தரும் குட்டி அடுப்பு என்றே ஒவ்வொரு பல்பையும் சொல்லலாம். கூரை விளிம்புகளில் அமெரிக்கர்கள் வரிசையாக மாட்டும் பெரிய பல்புக்கு சி9 என்று பெயர். அந்த எண் விட்டத்தைக் குறிக்கிறது: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக ஒன்பது. இழை வகை சி9 ஒன்று 7 வாட் மின்சாரம் எடுக்கும். 25 பல்புள்ள ஒரு சரத்துக்கு 175 வாட். எரிந்துகொண்டிருக்கும்போது விரலால் தொட்டால் சுடும். அதன் தம்பி சி7 பல்புக்கு 5 வாட்.

பிறகு வந்தவை மினி பல்புகள். 1970-களுக்குப் பிறகு அமெரிக்க மரங்களை இவைதான் ஆண்டன. நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் தொங்கியவற்றுக்கு நெருங்கிய உறவினர்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2.5 வோல்ட் போதும். அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஆகவே ஏறத்தாழ 50 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கணக்குச் சரியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், செலவும் குறைவு. 100 பல்புச் சரம் என்று கடையில் வாங்குவது உண்மையில் 50 பல்புகள் கொண்ட இரண்டு தொடர்களை ஒரே உறைக்குள் பின்னியது. பாதிச் சரம் எரிந்து, மறுபாதி இருண்டு நிற்பதன் காரணம் இதுவே.

தொடராகக் கோத்தால் ஒரு பல்பின் இழை அறுந்தாலும் மொத்தத் தொடரும் அணைய வேண்டும். பழைய காலத்துச் சரங்களில் அப்படித்தான் நடந்தது. மினி பல்புக்காரர்கள் இதற்கு அழகான ஓர் உபாயம் கண்டார்கள். பல்புக்குள் இழையைத் தாங்கும் இரண்டு கம்பிகளின் அடியில், மெல்லிய கம்பி ஒன்றைச் சுற்றி வைத்தார்கள். அதன் மேல்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது; இழை நன்றாக இருக்கும்வரை அதற்கு வேலையில்லை. இழை அறுந்ததும் வீட்டின் 120 வோல்ட் முழுவதும் அந்த ஒரு பல்பின் மீது விழும். அந்த அழுத்தத்தில் மேல்பூச்சு உடைந்து, மின்சாரம் அந்தக் கம்பி வழியாக ஓட, மற்ற 49 பல்புகளும் தொடர்ந்து எரியும்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. 50 பேர் பகிர்ந்துகொண்ட வோல்ட்டை இப்போது 49 பேர் பகிர வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், ஆயுள் குறையும். அடுத்தது அறுந்தால் 48. ஒரு பல்பு கெட்டதும் மாற்றாமல் விட்ட சரம், பண்டிகைக்குள் மடமடவென்று இறந்துபோவது இதனால்தான். மாற்று பல்புகள் இரண்டைச் சின்னப் பையில் போட்டுச் சரத்தோடு கொடுப்பார்கள். பெரும்பாலோர் அந்தப் பையைத் தொலைத்துவிடுவார்கள்.

எல்.இ.டி. இந்த இடத்துக்கு வந்து சேர நாளாயிற்று. 1962-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு நிற எல்.இ.டி.யை உருவாக்கினார். மஞ்சளும் மங்கலான பச்சையும் பின்னால் வந்தன. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. நீலம் இல்லையென்றால் வெள்ளையும் இல்லை. 1993-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அந்த வழிக்கு முன்னோடிகளான இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ இருவருடன் சேர்த்து அவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை ஒளி வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் சரத்துக்கு வேண்டிய எல்லா நிறமும் அதன்பிறகே கைக்கு வந்தது.

இங்கே இழை இல்லை. எதையும் காய்ச்சி ஒளிர வைக்க வேண்டியதில்லை. சின்னக் குறைகடத்திச் சில்லுக்குள் மின்சாரம் நேரடியாக ஒளியாகிறது. இழை வகை மினி பல்பு 0.4 வாட்டுக்கு மேல் எடுக்கும் இடத்தில், மினி எல்.இ.டி. 0.07 வாட் அளவில் வேலையை முடிக்கிறது. சி9 வடிவத்தில் செய்த எல்.இ.டி. சரத்தில் 25 விளக்குக்கும் சேர்த்து 2.4 வாட் போதும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் ஒப்பீட்டுப் பட்டியல் காட்டியது. 175 வாட் எங்கே, 2.4 வாட் எங்கே!

2007-ல் இந்த மாற்றம் ஊரறிய நடந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் சென்டர் மரத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும். அந்த ஆண்டு அதில் 30,000 எல்.இ.டி. விளக்குகளை ஏற்றினார்கள். அதற்கு முன்பு நாளொன்றுக்கு 3,510 யூனிட் மின்சாரம் தின்ற மரம், அந்த ஆண்டு 1,297 யூனிட்டில் எரிந்தது. அதே ஆண்டு வாஷிங்டனின் தேசிய மரமும் முழுக்க எல்.இ.டி.க்கு மாறியது. பெரிய மரங்கள் மாறியபின் கடைகளின் அலமாரிகளும் மாறின.

வீடுகள் அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. முதலில் வந்த வெள்ளை எல்.இ.டி.களில் நீலம் தூக்கலாக இருந்தது. மருத்துவமனை நடைபாதை வெளிச்சத்தை மரத்தில் தொங்கவிட யாருக்கும் மனம் வரவில்லை. நிறச் சரங்களில் நீல விளக்குகள் இன்னும் மோசம். நம் கண்ணின் வில்லை எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. இருட்டில் அடர்நீலப் புள்ளியைத் தூரத்திலிருந்து பார்த்தால் அது கலங்கி, விளிம்பு மங்கித் தெரியும். இழை பல்பின் நீலம் இப்படி இருந்ததில்லை, ஏனென்றால் அது தூய நீலமே அல்ல. மஞ்சள் கலந்த ஒளியின் மேல் நீலப் பூச்சு. மற்ற நிறங்களும் கொஞ்சம் கசிந்து வரும். அந்தக் கசிவில்தான் பழைய சரங்களின் இதம் இருந்தது.

அடுத்த குறை துடிப்பு. அமெரிக்காவின் மாறுமின்சாரம் விநாடிக்கு 60 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. இழை பல்பில் இது தெரியாது, ஏனென்றால் சிவந்து காய்ந்த கம்பி அந்த நொடித்துளி இடைவெளியில் ஆறிவிடாது. சூடே ஒளியைத் தாங்கிப் பிடித்திருந்தது. எல்.இ.டி.க்கு அந்தத் தாங்கல் கிடையாது. மின்சாரம் நின்ற கணமே ஒளியும் நின்றுவிடும். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மலிவான சரங்களில் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் விளக்கு இருண்டே கிடக்கும். நேராகப் பார்த்தால் பலருக்குத் தெரியாது. தலையைத் திருப்பும்போதோ சரம் காற்றில் ஆடும்போதோ புள்ளி புள்ளியாகச் சிதறும். சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். இதைக் குறையாகச் சொன்னவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கியது சரியல்ல. அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்தது.

உற்பத்தியாளர்கள் இதற்குப் பதில் வைத்தார்கள். சரத்துக்குள் சின்ன ரெக்டிஃபையர் சேர்த்தால் மின்சாரத்தின் இரு பாதிகளும் பயன்பட்டு, துடிப்பு விநாடிக்கு 120 ஆகிவிடும். பெரும்பாலோர் கண்ணுக்கு உறுத்தாது. பெட்டியில் முழு அலை என்று குறித்திருக்கும். கடையில் சோதிக்கவும் வழி இருக்கிறது. எரியும் சரத்தைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால், மலிவுச் சரம் அகன்ற இடைவெளியோடு துண்டுதுண்டாகக் கோடு போடும். நல்ல சரத்தில் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கும். நிறத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் 2,700 கெல்வின் அல்லது அதை ஒட்டிய எண் இருந்தால் அது பழைய மஞ்சள் வெளிச்சத்துக்கு நெருக்கமான வெள்ளை. 5,000-க்கு மேல் போனால் நீலம் தட்டும். இப்போது தூய நீல, பச்சைச் சில்லுகளுக்குப் பதிலாக, இதமான வெள்ளை எல்.இ.டி.யின் மேல் நிறம் பூசிய கண்ணாடியை மூடி, அந்தப் பழைய கசிவையே மீண்டும் கொண்டுவந்து விற்கிறார்கள். பழைய விளக்குக்கு ஏங்கியவர்களின் பிடிவாதம் வீணாகவில்லை.

ஒன்றை மட்டும் எல்.இ.டி.யால் திருப்பித் தர முடியவில்லை. 1946-ல் நோமா என்ற நிறுவனம் குமிழி விளக்கு என்ற ஒன்றை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுவந்தது. மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக் குழல். உள்ளே வெகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் மெத்திலீன் குளோரைடு திரவம். அடியில் இருக்கும் பல்பின் சூடு ஏற ஏற, திரவம் கொதித்துக் குமிழ்கள் ஓயாமல் மேலே ஓடும். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் மரத்தடியில் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடு இல்லாத விளக்கால் இதைக் கொதிக்க வைக்க முடியாது. அதுபோலவே, தானாக மினுக்கும் பழைய பல்பு. அதனுள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று இருக்கும். சூடேறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். ஒவ்வொரு பல்பும் தன்தன் சூட்டுக்கு ஏற்பத் தனித் தாளத்தில் மினுக்கும். இன்றைய சரங்களில் இதை ஒரு சிப் செய்கிறது. குமிழி விளக்குகளை இன்றும் இழை பல்போடுதான் விற்கிறார்கள். அதைப் பரணில் வைத்திருப்பவர்கள் தூக்கிப்போட வேண்டாம். ஓரிரண்டு குமிழி விளக்குகளால் மின்கட்டணம் ஏறிவிடாது.

கட்டணக் கணக்குக்கு வருவோம். ஒரு வீட்டின் கூரை விளிம்பில் இழை வகை சி9 பல்புகள் 100 இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 700 வாட். மாலை ஆறு மணி நேரம் வீதம் 40 நாள் எரிந்தால் 168 யூனிட். யூனிட் 16 சென்ட் என்றால் 27 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதே 100 விளக்குகள் எல்.இ.டி.யாக இருந்தால் 2.3 யூனிட், 40 சென்ட்கூட ஆகாது. சற்றுக் கூடுதல் வாட் எடுக்கும் எல்.இ.டி. வகையை வாங்கினாலும் நாலு டாலரைத் தாண்டாது. இரண்டு மூன்று பண்டிகையில் போட்ட பணம் திரும்பிவிடும்.

மினி பல்புகளில் கதை வேறு. 100 பல்பு கொண்ட பழைய சரம் 40 வாட் எடுக்கும். அதே 240 மணி நேரத்துக்கு 9.6 யூனிட், ஒன்றரை டாலர். எல்.இ.டி. சரமானால் 27 சென்ட். ஒரு சரத்துக்கு ஆண்டு மிச்சம் ஒன்றேகால் டாலர்தான். புதுச் சரத்தின் விலை பத்து டாலர் என்றாலும் அதை மின்கட்டணத்தில் மீட்க எட்டு ஆண்டு ஆகும். மரத்தில் மூன்று நல்ல மினி சரங்களை வைத்திருக்கும் குடும்பம், கட்டணத்துக்காக மட்டும் அவற்றைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பெரிய பல்புகளை உடனே மாற்ற வேண்டும். மினி சரங்களைக் கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும். கடைகள் சொல்லாத கணக்கு இது. மாற நினைப்பவர்கள் டிசம்பர் 26-க்குக் காத்திருக்கலாம். கடைகளில் மிஞ்சிய சரங்கள் அன்று முதல் பாதி விலைக்கு வரும்.

மின்கட்டணத்தைவிட வலுவான காரணம் ஒன்று சுவருக்குள் இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் சாதாரண மின்சுற்று 15 ஆம்பியர். 120 வோல்ட்டில் அது 1,800 வாட் தாங்கும். தொடர்ந்து எரியும் சுமையை அதில் 80 சதவீதத்துக்குள், அதாவது 1,440 வாட்டுக்குள், வைத்திருக்க வேண்டும். இழை வகை சி9 பல்புகள் 205 மாட்டினால் அந்தச் சுற்று நிரம்பிவிட்டது. பழைய மினி சரங்களிலும் பொதுவாக மூன்று சரத்துக்கு மேல் ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது என்று உறையில் எச்சரித்திருப்பார்கள். கேட்காமல் ஆறு, ஏழு என்று கோத்துக்கொண்டே போனால், முதல் சரத்தின் மெல்லிய வயர்தான் எல்லாவற்றின் சுமையையும் சுமக்கும். பிளக்கில் இருக்கும் குட்டி ஃப்யூஸ் எரிந்து காப்பாற்றினால் நல்லது. எல்.இ.டி. சரங்களில் இருபது, முப்பது என்று இணைத்தாலும் வயர் சூடேறாது. எத்தனை என்பதைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தில் தொடங்கும் வீட்டுத் தீவிபத்துகள் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 என்கிறது அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம். பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் மின்சாதனமோ விளக்கோ சம்பந்தப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை பெரிதல்ல, ஆனால் காய்ந்த மரம் பற்றினால் அறையே சில விநாடிகளில் கொழுந்துவிட்டு எரியும். சூடில்லாத விளக்கு இந்த ஆபத்தைக் குறைக்கிறது, ஒழித்துவிடவில்லை. எல்.இ.டி. சரத்திலும் எலி கடித்த வயர் பொறி விடும். மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் தூங்கப் போகும்முன் அணைப்பதும் அப்படியே தொடர வேண்டிய பழக்கங்கள். சரத்தில் ஒட்டியிருக்கும் யு.எல். என்ற பாதுகாப்புச் சான்று முத்திரையின் நிறமும் முக்கியம்: பச்சை என்றால் வீட்டுக்குள் மட்டும், சிவப்பு என்றால் வெளியிலும் மாட்டலாம்.

எல்.இ.டி. கெடவே கெடாது என்ற நம்பிக்கையும் திருத்த வேண்டிய ஒன்று. உள்ளே இருக்கும் சில்லு பல்லாயிரம் மணி நேரம் தாங்கும். ஆனால் பல எல்.இ.டி. சரங்களும் பழையவை போலத் தொடராகவே கோத்தவை. கழற்றி மாட்டும் வகை விளக்கின் மெல்லிய கம்பிக் கால்களில் பனியும் மழையும் புகுந்து துரு ஏறினால், தொடர் அறுந்து பாதிச் சரம் இருண்டுவிடும். விளக்கையும் பிடியையும் ஒரே துண்டாக வார்த்துத் தண்ணீர் புகாமல் அடைத்த சரங்கள் கொஞ்சம் விலை கூட. வெளியில் மாட்டுபவர்களுக்கு அவைதான் லாபம்.

ஒவ்வொரு வீட்டிலும் சில டாலர் என்று தெரிவது, நாடு முழுவதும் சேரும்போது வேறு உருவம் எடுக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் பண்டிகை விளக்குகள் 663 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டன என்று எரிசக்தித் துறைக்காகச் செய்த 2008-ம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. எல் சல்வடோர் நாடு ஓர் ஆண்டு முழுக்கப் பயன்படுத்தும் மின்சாரத்தைவிட அது அதிகம் என்று வாஷிங்டனின் உலக வளர்ச்சி மையம் 2015-ல் எடுத்துக்காட்டியபோது பலரும் திடுக்கிட்டார்கள். எத்தியோப்பியா, தான்சானியா போன்ற நாடுகளின் ஆண்டுப் பயன்பாட்டையும் அது தாண்டியது. வீட்டுக்கு ஒரு விளக்குகூட எட்டாத மக்கள் வாழும் நாடுகள் அவை. இந்த ஒப்பீடு மனதில் தைத்த பிறகு, இழை பல்பின் சூட்டை வெறும் ஏக்கத்தோடு மட்டும் நினைத்துப் பார்க்க முடியாது.

அதே சமயம், மலிவான விளக்கு அதிக விளக்கை அழைத்து வருகிறது. 40 சென்ட்டில் கூரை விளிம்பு ஒளிரும் என்று தெரிந்ததும் வேலிக்கும் இரண்டு, வாசல் செடிக்கும் இரண்டு என்று சரங்கள் பெருகுகின்றன. நாசாவின் சுவோமி என்பிபி செயற்கைக்கோள் 2012, 2013 ஆண்டுகளில் எடுத்த இரவுப் படங்களை மிகெல் ரோமன் தலைமையிலான விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். நன்றி நவிலும் நாளுக்கு மறுநாளிலிருந்து புத்தாண்டுவரை பெரிய அமெரிக்க நகரங்களின் இரவொளி 20 முதல் 50 சதவீதம் கூடுவது விண்வெளியிலிருந்தே தெரிந்தது. நகர மையங்களைவிடப் புறநகரங்களில் அந்த ஏற்றம் அதிகம். ஏணி போட்டுச் சரம் கட்டும் தனி வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. வானில் கசியும் அந்த ஒளியை வாட் கணக்கு காட்டாது. எல்.இ.டி.க்கு மாறும் குடும்பம் கூடவே ஒரு டைமரையும் வாங்கி, பத்து மணிக்கு அணையும்படி வைத்தால் இரண்டு பக்கமும் நன்மை.

கழற்றிய பழைய சரங்கள் பெருமளவு சீனாவுக்குப் போயின. குவாங்டோங் மாகாணத்தில் ஷிஜியாவ் என்ற ஊர். அங்கிருந்த ஒன்பது தொழிற்சாலைகள் ஆண்டுக்கு இரண்டு கோடி பவுண்டு, ஏறத்தாழ 9,000 டன், பழைய கிறிஸ்துமஸ் சரங்களை வாங்கிப் பிரித்தன என்று பத்திரிகையாளர் ஆடம் மின்டர் 2011-ல் நேரில் பார்த்து எழுதினார். அவர்களுக்கு வேண்டியது வயருக்குள் இருக்கும் செம்பு. முன்பெல்லாம் வயரைக் குவித்து எரித்தே செம்பை எடுத்தார்கள், பி.வி.சி. புகை ஊரையே மூடும். பிறகு வந்த முறை தண்ணீரை நம்பியது. சரங்களைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதிர்ந்துகொண்டே இருக்கும் சாய்வு மேசையில் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். கனமான செம்பு ஒரு பக்கம் ஒதுங்க, இலகுவான பிளாஸ்டிக் மறுபக்கம் வழிந்து போகும். அந்தப் பிளாஸ்டிக் செருப்புத் தொழிற்சாலைகளுக்குப் போய், செருப்பின் அடித்தட்டாகும். கெட்ட சரத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுக்கச் சொல்வது இந்தச் செம்புக்காகத்தான். டிசம்பர், ஜனவரியில் பல அமெரிக்க நகரங்களில் இதற்கென்றே பெட்டிகள் வைக்கிறார்கள். பழைய சரங்களின் பி.வி.சி. உறையில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், சிக்கெடுத்து முடித்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் பெட்டியிலேயே இந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, தீபாவளிக்கு மாட்டும் சரத்தைக் கிறிஸ்துமஸ் தாண்டிப் பொங்கல்வரை விட்டுவைக்கின்றன. ஊருக்கு வரும்போது தள்ளுபடியில் வாங்கிய சரங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. அங்கே 120 வோல்ட். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 230. 2.5 வோல்ட்டுக்குச் செய்த மினி பல்பின் மேல் 4.6 வோல்ட் விழும். சரம் ஒரு கணம் பளீரென்று எரிந்து அணைந்துவிடும். நேரடியாகச் சுவரில் சொருகும் எல்.இ.டி. சரமும் இதே கதிக்கு ஆளாகும். யு.எஸ்.பி.யில் ஓடுபவையும் பாட்டரியில் ஓடுபவையும் எங்கும் எரியும். அடாப்டரோடு வருபவற்றில், அடாப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மாட்டலாம்.